கடைசி வீட்டு வேப்பிலை

பங்குனியில் போடியைச் சுற்றி இலவங்காய் வெடிக்கும். மலையடிவாரத்துத் தோப்புகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் வந்து இறங்கும். காயை உடைத்துப் பஞ்சை எடுத்து, விதையைப் பிரித்து, சுத்தமான பஞ்சைச் சாக்கில் திணித்துக் கொடுப்பது பெண்களின் வேலை. அந்த வேலையைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய முடியாது. குரங்கணிப் பக்கமிருந்து மலைக்காற்று ஒரு மூச்சு விட்டால் போதும், காலையிலிருந்து பிரித்த பஞ்செல்லாம் ஜன்னல் வழியே கிளம்பிப்போய் அடுத்த தெருவில் யார் வீட்டுக் குழம்பிலாவது விழும். அதனால் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, ஜன்னல் இடுக்கில் பழந்துணியைத் திணித்து, மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது இமையும் புருவமும் நரைத்திருக்கும். ஒரு செம்புத் தண்ணீரில் மறுபடி வயசு குறைந்துவிடும்.

கிருபாவதி காம்பவுண்டில் எட்டு வீடுகள். நடுவில் ஒரு சந்து, இரண்டு பக்கமும் வரிசையாக வீடு, வீட்டுக்கு ஓர் அறை, வாசலில் ஒரு கீற்றுச் சாய்ப்பு. சமையல் சாய்ப்புக்கு அடியில். காம்பவுண்டுக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு, கொல்லைப்பக்கம் ஒரு கதவு. கொல்லைக் கதவு ஒன்று இருக்கிறது என்பதே பாதிக் குடித்தனக்காரர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரி கிருபாவதி அம்மாள் பஜாரில் இரும்புக்கடை நடத்துகிறவள். விற்காமல் போன முள்கம்பிச் சுருள்களை அந்தக் கதவோடு சேர்த்து அடுக்கி வைத்து வெகுகாலமாகிறது.

எட்டு வீட்டிலும் பஞ்சு வேலைதான். வியாபாரியிடமிருந்து காயை வாங்கி வந்து பங்கு பிரித்துக் கொடுப்பவள் மூன்றாம் வீட்டுச் சங்கிலியம்மாள். நாற்பதை நெருங்குகிறவள். வாய் நீளம், ஆனால் கை அதைவிட வேகம் என்பதால் யாரும் வாயைக் குறை சொல்வதில்லை. புருஷன் சுருளி மேகமலை எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறான்; வந்தால் டீத்தூள் வாசனையோடு வருவான், துணி துவைத்து முடிப்பதற்குள் போய்விடுவான். அவள் தம்பி நல்லகண்ணு அதே காம்பவுண்டில் கடைசி வீட்டில் தனியாக இருந்தான். தாய் போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. இவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். குமுளிக்குப் போகும் ஜீப் ஒன்றில் கிளீனர் வேலை. ஜீப் பட்டறையில் படுத்துவிட்டதால் இவனும் வீட்டில் படுத்திருந்தான். பீடியும் அரைகுறை மலையாளமும் அந்த ஜீப் அவனுக்குத் தந்த சொத்து.

அந்தப் பங்குனியில் பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒரு வரிசை வீட்டில் தீப்பிடித்தது. மூடிய வீட்டுக்குள் பஞ்சு, அதன் பக்கத்தில் யாரோ சீமெண்ணெய் விளக்கைத் தட்டிவிட்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கூரை போயிற்று. மனுஷருக்குச் சேதமில்லை. ஒரு சேவலுக்கு மட்டும் வால் கருகிவிட்டது. சேவல் அதைப் பொருட்படுத்தாமல் எப்போதும் போலத் தெருவை அளந்துகொண்டிருந்தது. ஜனங்கள்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் தீயைப் பற்றிப் பேசினார்கள்.

பேச்சு முனிசிபாலிட்டி வரை போனது. ஒரு திங்கட்கிழமை கிருபாவதி அம்மாள் கடையைப் பாதியில் விட்டுவிட்டுக் குடையோடு வந்து கிணற்றடியில் நின்றாள்.

"ஏ சங்கிலி, எல்லாத்தையும் கூப்பிடு. நாளைக்குத் தீயணைப்பு ஆபீசர் வாராக. வாடகை வீடு ஒண்ணு விடாமப் பாக்கச் சொல்லி உத்தரவாம். எப்படிச் சமைக்கீக, எங்கன விறகு வைக்கீக, தீன்னு வந்தா எந்த வழியா ஓடுவீகன்னு எல்லாம் கேப்பாகளாம்."

"வரட்டும்மா," என்றாள் அய்யம்மாள். அவள் இரண்டாம் வீட்டுக்காரி, பணியாரம் சுட்டு விற்கிறவள், யார் வந்தாலும் வரவேற்கிற குணம். "நாலு பணியாரம் குடுத்துப் பேசி அனுப்பிருவோம்."

"பணியாரத்த நீயே வச்சுக்க. பஞ்சு ஒரு சாக்கு கண்ணுல பட்டாலும் எழுதிருவாகளாம். எழுதிட்டா எனக்கு நோட்டீசு. நோட்டீசு வந்தா, கர்த்தர் சாட்சியாச் சொல்றேன், எட்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவேன். இந்த வயசுல கோர்ட்டுப் படி ஏற என் முழங்காலுக்குச் சத்து இல்ல. பஞ்ச இன்னைக்கே திருப்பிக் குடுத்துருங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொல்வது சுலபம். பாதி உடைத்த காயை எந்த வியாபாரி திருப்பி வாங்குவான்? வாங்கினாலும் வேலையைத் தூக்கி வேறு தெருவுக்குக் கொடுத்துவிடுவான். பங்குனி சித்திரையில் கை ஓய்ந்தால் ஆடி வரை அடுப்பும் ஓய்ந்துதான் இருக்கும். பஞ்சை வைத்திருந்தால் வீடு போகும், பஞ்சைக் கொடுத்தால் சோறு போகும். சங்கிலியம்மாள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து, புருவத்தில் ஒட்டிய பஞ்சைக்கூடத் துடைக்காமல் யோசித்தாள்.

"எல்லாப் பஞ்சையும் ஒரே வீட்ல அடைச்சுருவோம்," என்றாள் கடைசியில்.

"அந்த வீட்டை அவுக பாக்க மாட்டாகளாக்கும்," என்றாள் அய்யம்மாள்.

"பாக்க முடியாத வீடா இருக்கணும்."

அப்படி ஒரு வீடு எது என்று எல்லோரும் யோசித்தார்கள். யோசனை சொன்னவள் அய்யம்மாளேதான். "வாசல்ல வேப்பிலை தொங்குனா எந்த ஆபீசர் உள்ள வருவான்? அம்மை கண்ட வீட்டுக்கு மாமன் மச்சானே எட்ட நின்னுதான் பேசுறான்."

"யாருக்கு அம்மை?"

எல்லோருடைய பார்வையும் கடைசி வீட்டுப் பக்கம் போனது. அங்கே நல்லகண்ணு கதவில் சாய்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தான். படுத்துக் கிடப்பதில் அவனை மிஞ்ச அந்தக் காம்பவுண்டில் ஆள் இல்லை.

"எனக்கென்ன, படுக்கச் சொன்னாப் படுக்கேன்," என்றான். "ஒண்ணும் பேடிக்கண்டா அக்கா."

"என்ன கண்டா?"

"பயப்படாதன்னேன். மலையாளம்."

"ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்றோம். பயப்படாம இருக்கச் சொல்றான் பாரு," என்றாள் சங்கிலியம்மாள். ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை. "பெரியம்மைன்னு சொல்லாதீக. முனிசிபாலிட்டியில இருந்து ஊசியோட வந்து நம்ம எல்லாரையும் குத்திருவாக. சின்னம்மைன்னே சொல்லுவோம்."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. எட்டு வீட்டுச் சாக்கும் கடைசி வீட்டுக்குப் போனது. பஞ்சுச் சாக்கு கனமில்லை, ஆனால் இடத்தைத் தின்னும். தரையில் அடுக்கி, அதன் மேல் அடுக்கி, உத்தரம் வரை ஏற்றினார்கள். உச்சியில் ஓட்டுக்குக் கீழே ஓர் ஆள் படுக்க மட்டும் இடம் விட்டு, நல்லகண்ணு முகத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பொட்டுப் பொட்டாக வைத்து, அவனை மேலே ஏற்றிவிட்டார்கள். கதவை இழுத்துச் சாத்துவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. நிலையில் வேப்பிலைக் கொத்து, வாசலில் ஒரு பானை மஞ்சள் தண்ணீர், அதிலும் வேப்பிலை. பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.

அய்யம்மாள் ஓர் அகல்விளக்கைக் கொண்டுவந்தாள். "அம்மை கண்ட வீட்ல விளக்கு எரியாம இருக்குமா?"

"எடுத்துட்டுப் போங்க மதினி. பஞ்சுக்குப் பக்கத்துல விளக்கா?" என்று விரட்டினாள் சங்கிலியம்மாள். பஞ்சுக்காரிக்குப் பஞ்சின் குணம் தெரியும்.

பத்து மணி வெயிலில் ஆபீசர் வந்தார். வரும்போதே தெருக்கதவு திறக்கவில்லை. தள்ளிப் பார்த்தார், கொஞ்சம் அசைந்து நின்றது. உள்ளேயிருந்த பெண்கள் ஓடிவந்து, கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கயிற்றுக் கட்டிலை நகர்த்தித் திறந்துவிட்டார்கள்.

"இது எப்பவும் இங்கனதான் இருக்குமா?" என்று கேட்டார் ஆபீசர்.

"இல்லீங்கய்யா. ராத்திரிக்குப் படுக்கையில எடுத்துருவோம்," என்றாள் சங்கிலியம்மாள்.

"அப்ப பகல்ல தீப்பிடிக்கக் கூடாது."

சிரிக்காமல் சொன்னார். ஆள் உயரம், மீசை அடர்த்தி, முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. பெயர் வீரபாண்டி. ஊரும் வீரபாண்டிதான் என்று அவரே சொன்னார். அதைக் கேட்டதுமே சங்கிலியம்மாளுக்கு ஒரு மாதிரி இருந்தது. வீரபாண்டியில் இருப்பது கௌமாரி அம்மன். அம்மை போடுகிறவளும் அவள், இறக்குகிறவளும் அவள். அவள் ஊர்க்காரனிடமே அவள் பெயரைச் சொல்லி ஏமாற்றப் போகிறோம்.

ஆபீசர் ஒவ்வொரு சாய்ப்பாகக் குனிந்து நுழைந்தார். அய்யம்மாள் அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அடுப்புக்கு நேர் மேலே பரண், பரணில் விறகு.

"விறக ஏம்மா அடுப்புக்கு மேல வச்சுருக்கீக?"

"அப்பத்தான் காஞ்சு நல்லா எரியும் சார்."

"அது சரி. எப்ப எரியணும்ங்கிறத அதுவே முடிவு பண்ணிருச்சுன்னா?"

அய்யம்மாள் ஒரு தட்டில் பணியாரத்தை நீட்டினாள். ஆபீசர் வேண்டாமென்று சொல்லவில்லை. தின்றுகொண்டே நடந்தார். சீமெண்ணெய் டின் எங்கே, தண்ணீர் எங்கே, பிள்ளைகள் எங்கே படுக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டதற்கெல்லாம் சங்கிலியம்மாள் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலையும் வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"பஞ்சு வேலை செய்வீகளாமே?"

"செஞ்சுக்கிட்டிருந்தோம். இப்ப விட்டுட்டோம்யா."

ஆபீசர் அவள் தலையைப் பார்த்தார். கொண்டையில் ஒரு கைப்பிடி பஞ்சு உட்கார்ந்திருந்தது. கடைசி வீட்டுக்கு வந்து நின்றார். வேப்பிலையைப் பார்த்தார்.

"என் தம்பிங்க. அம்மை போட்டிருக்கு. சின்னதுதான். நீங்க எட்ட நில்லுங்க," என்றாள் சங்கிலியம்மாள். இந்த இடத்தில் ஆபீசர் திரும்பிப் போக வேண்டும். அவர்கள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

வீரபாண்டி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார்.

"ஆத்தாளுக்குப் பயந்து ஓட நான் என்ன வெளியூர்க்காரனா தாயி. எனக்குச் சின்னதும் வந்துருச்சு, பெரிசும் வந்துருச்சு. எங்க அம்மா தீச்சட்டி எடுத்துத்தான் நான் பிழைச்சேன். ஆத்தா இருக்கிற எடம்னு தெரிஞ்சும் கும்பிடாமப் போனா எங்க ஊருக்குள்ள நான் நுழைய முடியாது." வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றவர், சுற்றிலும் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "என்ன தாயி, விளக்கு ஏத்தலையா?"

அய்யம்மாள் சங்கிலியம்மாளைப் பார்த்த பார்வையில், நான் அப்பவே சொன்னேனே என்பது இருந்தது.

"எண்ணெய் தீந்துருச்சுங்க."

"பரவாயில்ல. செவ்வாக்கிழமைன்னு சூடம் வாங்கி வச்சுருக்கேன்." சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து, சூடத்தை வாசற்படியில் வைத்தார். படிக்கும் கதவுக்கும் நடுவில் பஞ்சு மெல்ல வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்தியில் அவர் அதைக் கவனிக்கவில்லை. "ஒரு தீப்பெட்டி குடுங்க."

"தீப்பெட்டியா? இல்லீங்களே," என்றாள் சங்கிலியம்மாள்.

"எட்டு வீட்லயும் இல்லையா?"

"எட்டு வீட்லயும் இல்லீங்க. தீ ஆபத்துன்னு சொன்னாகல்ல, அதனால எல்லாத்தையும் தூரப் போட்டுட்டோம்."

ஆபீசர் அய்யம்மாள் அடுப்பிலிருந்து கிளம்பும் புகையைத் திரும்பிப் பார்த்தார். அப்போது கடைசி வீட்டு ஜன்னலின் மேல் மூலையில், கம்பிக்கு நடுவே மஞ்சள் பூசிய கை ஒன்று வெளியே நீண்டது. கையில் தீப்பெட்டி.

"இந்தாங்க சார், எங்கிட்ட இருக்கு," என்றான் நல்லகண்ணு.

அவ்வளவு பஞ்சின் உச்சியில் இவன் தீப்பெட்டியோடு படுத்திருக்கிறான் என்பது சங்கிலியம்மாளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பீடியும் இருக்கும். ஆபீசர் பெட்டியை வாங்கினார். குச்சியைக் கிழித்தார். சுடர் எழுந்தது. கையால் காற்றை மறைத்துக்கொண்டு படிக்குக் குனிந்தார்.

வீடு போனால் போகட்டும், சோறு போனால் போகட்டும் என்று அவள் நினைத்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டாள். உண்மையில் எதையும் நினைக்க நேரமில்லை. வாசலிலிருந்த மஞ்சள் தண்ணீர்ப் பானையை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். தீக்குச்சி அணைந்தது, சூடம் மிதந்து போனது, தீயணைப்பு ஆபீசர் மீசை வரை மஞ்சளாக நின்றார். தோளில் ஒரு வேப்பிலை.

சங்கிலியம்மாள் காலிப் பானையைக் கீழே வைத்தாள்.

"உள்ள ஆத்தா இல்லய்யா," என்றாள் சங்கிலியம்மாள். "பஞ்சுதான் இருக்கு. எட்டு வீட்டுப் பஞ்சு. எழுதிக்கங்க. எங்களக் காலி பண்ணச் சொன்னாலும் பரவாயில்ல. என் தம்பி உள்ள இருக்கான்."

வீரபாண்டி முகத்தை வழித்துவிட்டுக் கதவில் கை வைத்துத் தள்ளினார். கதவு அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினார். உள்ளே ஏதோ சரிகிற சத்தம் கேட்டது.

"ஏலே, நீ கதவத் தொற," என்றார்.

"முடியாது சார். ஜன்னலுக்குத் தவழ்ந்து வரையில சாக்கெல்லாம் சரிஞ்சு கதவுக்குப் பின்னால விழுந்துருச்சு. நான் இப்ப எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில், "அக்கா, மூச்சு முட்டுது," என்றான்.

சங்கிலியம்மாள் கதவில் கையால் அடித்தாள். உள்பக்கம் திறக்கிற கதவு, உள்ளே உத்தரம் வரை சாக்கு. பக்கத்துத் தெருத் தீயை நினைத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் கூரை போயிற்று என்று எத்தனை பேரிடம் எவ்வளவு சுவாரசியமாகச் சொல்லியிருப்பாள். இடுப்பில் வைத்து வளர்த்தவனைத் தானே ஏற்றிவிட்டுத் தானே கதவைச் சாத்தியிருக்கிறாள். அவள் வாய்விட்டு அழுதாள்.

"அழுகாத தாயி. ஏணி இருக்கா?" என்றார் வீரபாண்டி.

ஏணி இல்லை. தெருக்கதவை அடைத்துக்கொண்டிருந்த கட்டில் இப்போது உதவியது. அதைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தி, வெறுங்காலோடு ஏறி, நாட்டு ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீழே நின்ற பெண்களிடம் கொடுத்தார். ஓட்டைக்குள் கையை விட்டு இழுத்தார். நல்லகண்ணுவின் தலை கூரைக்கு மேலே வந்தது. மஞ்சள் முகம், முகமெல்லாம் பஞ்சு, மீசை இருந்த இடமும் வெள்ளை.

அந்த நேரம் பார்த்துக் கிருபாவதி அம்மாள், காலையிலேயே சேதி கேள்விப்பட்டு, அம்மை கண்ட பிள்ளைக்கென்று இரண்டு இளநீரோடு தெருக்கதவில் நுழைந்தாள். தன் வீட்டுக் கூரையில் ஒரு தலை முளைத்திருப்பதையும், பக்கத்தில் ஒரு சர்க்கார் அதிகாரி மஞ்சள் குளித்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்து, இளநீரைக் கீழே வைத்தாள்.

"கர்த்தாவே," என்றாள். "யாராவது ஒரு ஆள் மட்டும் சொல்லுங்க. எல்லாரும் சேந்து சொல்லாதீக."

சங்கிலியம்மாள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த கிருபாவதி அம்மாள் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அது வழக்கம்.

"அம்மைன்னு நம்பி இன்னைக்குக் காலையில உன் தம்பிக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன் சங்கிலி. எனக்கு முழங்கால் வலி வேற. காலி பண்ணுங்க. எல்லாரும் காலி பண்ணுங்க."

"இருங்கம்மா," என்று நல்லகண்ணுவை இறக்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினார் வீரபாண்டி. "இவுகளக் காலி பண்ணுனா அடுத்து வர்ற குடியும் பஞ்சோடதான் வரும். இந்த ஊர்ல பஞ்சு இல்லாத கை எங்க இருக்கு. அந்தக் கோடியில கம்பி கெடக்கே, அதுக்குப் பின்னால என்ன?"

"கொல்லைக் கதவு."

"கதவா அது?" என்றாள் ஏழாம் வீட்டுக்காரி.

"கதவுக்கு அங்கிட்டு?"

"கடைச் சாமான் போட்டு வைக்கிற செட்டு. கல்லுச் சுவரு, தகரக் கூரை. பழைய வாளி, மம்பட்டி, கம்பி எல்லாம் கெடக்கு."

முள்கம்பிச் சுருள்களை உருட்டி ஒதுக்குவதற்கு எல்லோரும் கை கொடுத்தார்கள். கொல்லைக் கதவு முனகிக்கொண்டே திறந்தது. செட்டு நல்ல விசாலம். வீட்டு வரிசையிலிருந்து ஒரு வண்டி திரும்புகிற தூரம். உள்ளே கிருபாவதி அம்மாளின் விற்காத இரும்பெல்லாம் குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தது. வீரபாண்டி எட்டிப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

"எரியாத இரும்புக்குத் தனி வீடு கட்டிக் குடுத்துருக்கீக. எரியிற பஞ்சோட மனுசரப் படுக்க வச்சுருக்கீக."

கிருபாவதி அம்மாள் ஒரு வாளியை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "வெளிய போட்டா இரும்பு துருப்பிடிக்கும்ல."

"இனிமேயா பிடிக்கணும்?" என்றான் நல்லகண்ணு. அவனுக்கு அங்கே பேச உரிமையே இல்லை. ஆனால் முதலில் சிரித்தது கிருபாவதி அம்மாள்தான். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"சரி. செட்டத் தாரேன். ஆனா சங்கிலி, எனக்கு ஒரு மெத்தை, ரெண்டு தலகாணி. நல்ல பஞ்சா, விதை ஒண்ணுகூட உறுத்தக் கூடாது. முழங்காலுக்கு அடியில வைக்க இன்னொண்ணு."

"மூணு தலகாணிம்மா," என்றாள் சங்கிலியம்மாள். கண்ணீர் இன்னும் காயவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் இரும்பு வெளியே வந்தது, பஞ்சு உள்ளே போனது. செட்டுக்குள் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் நுழையக் கூடாது என்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போனார். நல்லகண்ணுவின் தீப்பெட்டியைச் சங்கிலியம்மாள் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டில் கிணற்றடிக்குப் போனது. அய்யம்மாள் பரணைக் காலி செய்தாள். விறகு ஈரமாக இருக்கிறது, பணியாரம் வேகவில்லை என்று நாலு நாள் குறை சொன்னாள், பிறகு மறந்துவிட்டாள். ஆசாரியைக் கூப்பிட்டுத் தெருக்கதவு, கொல்லைக் கதவு இரண்டையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள் கிருபாவதி அம்மாள். பழைய பழக்கத்தில் ஒரு வாரம் எல்லோரும் கதவை இழுத்து இழுத்து ஏமாந்தார்கள்.

செட்டில் வேலை செய்வதில் ஒரு சுகம் இருந்தது. தனித்தனியாக மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இப்போது ஒன்றாக மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆபீசர் மஞ்சள் குளித்த கதை ஒருநாளும் சலிக்கவில்லை. சங்கிலியம்மாள் மட்டும் அந்தக் கதையில் பானை வரைக்கும் சொல்லிவிட்டு, கதவு திறக்காத இடம் வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

சித்திரை பிறந்தது. ஒரு காலையில் சாக்குச் சுமக்கக் கூப்பிட்டபோது நல்லகண்ணு வரவில்லை.

"அக்கா, மேலு காலெல்லாம் வலிக்கி. அம்மை போட்டிருக்கு போல."

"செருப்பால அடிப்பேன். அதே நாடகமா? எந்திரி."

"நெசமா அக்கா."

"அன்னைக்கும் நெசமாத்தான் படுத்திருந்த," என்றாள் அய்யம்மாள்.

காம்பவுண்டே சிரித்தது. போர்வையை இழுத்துப் பார்த்த சங்கிலியம்மாளின் சிரிப்பு நின்றது. மார்பிலும் கழுத்திலும் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. அரைத்து வைத்த பொட்டு இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வந்துட்டியா தாயே," என்றாள். "கூப்பிட்ட வீட்டுக்குத்தான் வந்திருக்க. குத்தம் என் பேர்ல. அவன் விளையாட்டுப் பிள்ளை, அவனக் குளிர வச்சுரு. வர்ற திருவிழாவுக்கு உனக்கு நான் தீச்சட்டி எடுக்கேன்."

வேப்பிலை மறுபடி நிலையில் ஏறியது. அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆசாரி வேலை எப்படி இருக்கிறதென்று பார்க்க வீரபாண்டி வந்தார். தெருக்கதவு ஒரே இழுப்பில் திறந்ததும் முகம் மலர்ந்தார். சந்து வழியே வந்தவர் கடைசி வீட்டைப் பார்த்து நின்றார். நிலையில் வேப்பிலை. வாசலில் பானை.

"மறுபடியுமா தாயி?" என்றார். "இந்தத் தடவை என்ன, உள்ள பருத்தியா?"

சங்கிலியம்மாள் கதவை அகலத் திறந்துவிட்டாள். பெருக்கி மெழுகிய அறை. ஒரு சாக்குகூட இல்லை. சுவரோரம் பாயில் நல்லகண்ணு, தலைமாட்டில் வேப்பிலை, பக்கத்தில் கிருபாவதி அம்மாள் கொடுத்தனுப்பிய இளநீர். மாடத்தில் எண்ணெய் விட்டுத் திரி போட்ட அகல், இன்னும் ஏற்றவில்லை.

"சார்," என்று பாயிலிருந்து கை தூக்கினான் நல்லகண்ணு. "இப்ப எங்கிட்டத் தீப்பெட்டி இல்ல சார்."

வீரபாண்டி தொப்பியைக் கழற்றினார். பூட்ஸைக் கழற்றினார். உள்ளே வருமுன் குனிந்து, மஞ்சள் தண்ணீர்ப் பானையைத் தூக்கி, சங்கிலியம்மாளின் கைக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து சூடத்தை எடுத்தார்.

சங்கிலியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"நீயே ஏத்து தாயி," என்றார் அவர். "உன் வீடு."

குச்சியைக் கிழித்தாள். திறந்த கதவு வழியாக மலைக்காற்று வந்து அதை அணைத்தது. இன்னொன்றைக் கிழித்தாள், அதுவும் போனது.

"காத்தடிக்குதே, கதவச் சாத்தவா?" என்று வெளியிலிருந்து கேட்டாள் அய்யம்மாள்.

"வேணாம் மதினி," என்றாள் சங்கிலியம்மாள், மூன்றாவது குச்சியைக் கையால் அணைகட்டிக்கொண்டு. "தொறந்தே கெடக்கட்டும்."